ஜூனோ-106 மக்கர் செய்தால்: எத்தனை வாய்ஸ் என்று முதலில் எண்ணுங்கள்

ரோலண்ட் கம்பெனியின் ஜூனோ-106 என்ற சிந்தசைசர் கீபோர்டு வெளிவந்தது 1984இல். இன்று மும்பையில் ஒன்று கைக்குக் கிடைத்தால் அது பெரும்பாலும் ஜப்பானிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ வந்திருக்கும். நாற்பது வயதைத் தாண்டிய சாமான், ஏதாவது ஒரு கோளாறு இல்லாமல் இருக்காது. மாட்டுங்கா, செம்பூர், தாராவிப் பக்கம் கீபோர்டு வாசிக்கிற நம்ம ஆட்கள் கோளாறைச் சொல்லும் விதமே தனி. "அண்ணே, ஒரு நோட்டு மட்டும் தும்முது", "கையை எடுத்தாலும் இரையுது", "கோரஸ் போட்டா மழை பெய்யுது" என்பார்கள். கோளாறைக் கண்டுபிடிக்க இந்தச் சொற்களே பாதி உதவி. அதனால் அவற்றையே தலைப்பாக வைத்திருக்கிறேன்.

ஒரு விஷயம் புரிந்தால் மீதியெல்லாம் சுலபம். 61 கீ இருந்தாலும் உள்ளே இருப்பது ஆறே வாய்ஸ்தான். ஒவ்வொரு வாய்ஸிலும் ஒலி அலையை உருவாக்கும் ஒரு ஆஸிலேட்டர், அதைச் செதுக்கும் ஒரு ஃபில்டர், ஒலி அளவைக் கூட்டிக் குறைக்கும் ஒரு பகுதி. நீங்கள் கீயை அழுத்தியதும் கருவி அந்த ஆறில் ஒன்றைக் கூப்பிட்டு வேலை கொடுக்கும். ஆறும் கடைசியில் ஒன்றாகக் கலந்து, ஹைபாஸ் ஃபில்டர் வழியாகப் போய், ஒலியை அகலமாக்கும் கோரஸில் நுழைந்து வெளியே வரும். ஆகவே "எந்த நோட்டில் கோளாறு?" என்ற கேள்வியே பெரும்பாலும் தப்பு. ஆறில் எத்தனை வாய்ஸ் கெட்டிருக்கிறது? ஒன்றா, இரண்டா, மூன்றா, ஆறுமா? பதில் கிடைத்துவிட்டால் எந்தப் பக்கம் கை வைப்பது என்று தெரிந்துவிடும்.

எண்ணுவது எப்படி

கருவியை அணையுங்கள். கீ டிரான்ஸ்போஸ் பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டே பவரைப் போடுங்கள். இது சோதனை முறை. பாலி 1 பட்டன் போட்டிருக்கட்டும். இப்போது ஏதாவது ஒரு கீயைத் திரும்பத் திரும்பத் தட்டினால், எந்த வாய்ஸ் ஒலிக்கிறதோ அதன் எண் திரையில் தெரியும். 1 முதல் 6 வரை வரிசையாகப் போய் மறுபடி 1க்கு வரும். காதில் கோளாறு கேட்கும்போது திரையில் என்ன எண் என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே கீயைத் தட்டுவது முக்கியம். கீயை மாற்றிக்கொண்டே போனால் கோளாறு கீயிலா வாய்ஸிலா என்று குழம்பிவிடும். அணைத்துவிட்டுச் சாதாரணமாகப் போட்டால் பழைய நிலைக்கு வந்துவிடும்.

சாதாரண முறையிலும் பாலி 1இல் வாய்ஸ்கள் இதே சுற்றில்தான் வரும். ஆறு தட்டுக்கு ஒரு முறை கோளாறு தலைகாட்டினால் அது ஒரே ஒரு வாய்ஸின் வேலை.

"உயிரே இல்லை"

இதை முதலில் முடித்துவிடலாம். பின்பக்க லேபிளில் எத்தனை வோல்ட் என்று போட்டிருக்கிறது? ஜப்பான் மாடல் 100 வோல்ட், அமெரிக்க மாடல் 117. நம் வீட்டு 230 வோல்ட்டில் நேராகச் செருகியிருந்தால் ஃப்யூஸ் போயிருக்கும். அதோடு நின்றிருந்தால் அதிர்ஷ்டம். வெறும் ஃப்யூஸை மாற்றிவிட்டு மறுபடி போட்டுப் பார்க்காதீர்கள். திறந்து, பவர் போர்டிலிருந்து +15, -15, +5 வோல்ட் மூன்றும் வருகிறதா என்று மல்டிமீட்டரில் பாருங்கள். டிரான்ஸ்ஃபார்மர் பக்கம் மெயின் கரண்ட் நேரடியாக ஓடுகிறது, பழக்கம் இல்லாதவர்கள் அங்கே கை வைக்க வேண்டாம்.

வோல்ட்டேஜை இறக்கும் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர், மும்பையின் எலெக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான லேமிங்டன் ரோட்டில் கிடைக்கும். கேட்டவுடன் எடுத்துக் கொடுப்பது பெரும்பாலும் 110 வோல்ட் சரக்காகத்தான் இருக்கும். அமெரிக்க மாடலுக்கு அது போதும். ஜப்பான் மாடலுக்கு 100 என்று அழுத்திச் சொல்லி வாங்குங்கள். 110இலும் ஓடும், ஆனால் ரெகுலேட்டர் தேவையில்லாமல் சூடாகும். சும்மாவே வேகிற ஊர் இது.

"லைட் எரியுது, சத்தம் வரல"

மேனுவல் பட்டனை அழுத்துங்கள். பாதிக் கேஸ் இங்கேயே முடிந்துவிடும். மெமரியில் இருக்கும் பேட்ச் (சேமித்து வைத்த ஒலி அமைப்பு) குப்பையாகிப் போயிருந்தால் (காரணம் கடைசியில் வருகிறது) கருவி நன்றாக இருந்தும் ஊமையாகத்தான் நிற்கும். மேனுவலில் பேனல் ஸ்லைடர்கள் எங்கே நிற்கின்றனவோ அதுதான் ஒலி. சாடூத் அலையைப் போடுங்கள், ஃபில்டர் ஃப்ரீக்வென்ஸியை முழுக்க ஏற்றுங்கள், விசிஏ (ஒலி அளவுப் பகுதி) சுவிட்சை 'கேட்' நிலையில் வையுங்கள், லெவலை நடுவில் வையுங்கள். பின்பக்கம் ஒலி அளவுக்கான சிறு சுவிட்ச் கீழ்ப்படியில் இருக்கிறதா என்றும் பாருங்கள். அப்படியும் ஒன்றும் வரவில்லை, ஹெட்ஃபோனிலும் இல்லை என்றால் ஆறு வாய்ஸும் ஒரே நேரத்தில் செத்திருக்க வாய்ப்பு குறைவு. பவரில் ஒரு பக்கம், பெரும்பாலும் ப்ளஸ் 15 அல்லது மைனஸ் 15, போயிருக்கும். இல்லாவிட்டால் கலந்த பிறகு வரும் பொதுவழியில் எங்கோ அறுந்திருக்கும்.

"ஒரு நோட்டு தும்முது, கரகரங்குது, கையை எடுத்தாலும் இரையுது"

ஜூனோ-106இன் பிரசித்தி பெற்ற வியாதி இதுதான். ஒரே ஒரு வாய்ஸ்தான் கெட்டிருக்கிறது என்று எண்ணி உறுதிசெய்துவிட்டீர்களா? அப்படியானால் முதல் சந்தேகம் 80017ஏ என்ற சிப் மேல்.

போர்டில் ஆறு 80017ஏ வரிசையாக நிற்கும், வாய்ஸுக்கு ஒன்று. சிப் என்று சொன்னாலும் அது உண்மையில் குட்டிப் போர்டு ஒன்று. ஃபில்டரும் ஒலி அளவுப் பகுதியும் அதற்குள் இருக்கின்றன. மேலே கறுப்பாக எபாக்ஸி பூசி மூடியிருக்கிறார்கள். வருஷங்கள் போகப் போக அந்தப் பூச்சே லேசாக மின்சாரத்தைக் கசியவிட ஆரம்பிக்கிறது. உள்ளே ஒன்றோடொன்று ஒட்டக்கூடாத இடங்களுக்கு நடுவே கசிவு ஓடுவதால் ஒலி நிற்காமல் இரையும், திடீரென்று தடித்து வரும், சில நேரம் காணாமலே போகும். போட்டவுடன் நன்றாக இருந்து, சூடு ஏறிய பிறகு ஆரம்பிப்பதும் உண்டு. அதனால் இப்படிப்பட்ட கருவியை வாங்கப் போனால் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, டீ குடித்துவிட்டு வந்து மறுபடி எண்ணுங்கள். விற்பவர் அவசரப்படுத்தினால் சந்தேகப்படுங்கள்.

ஆனால் உடனே சால்டரிங் அயனை எடுக்க வேண்டாம். கோளாறு ஃபில்டர் பக்கமா, அலையை உருவாக்கும் பக்கமா என்று ஆசிலோஸ்கோப் இல்லாமலே பிரித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. எனக்கு இந்தக் கருவியில் மிகவும் பிடித்த சோதனையும் இதுதான்.

மேனுவலில் சாடூத், பல்ஸ் இரண்டையும் அணையுங்கள். சப், நாய்ஸ் ஸ்லைடர்களைப் பூஜ்யத்துக்கு இறக்குங்கள். அதாவது ஃபில்டருக்குள் எதுவுமே போகக்கூடாது. இப்போது ரெசொனன்ஸை முழுக்க ஏற்றி, ஃப்ரீக்வென்ஸியை நடுவில் வைத்து, கீபோர்டு ஃபாலோ ஸ்லைடரை மேலே தள்ளுங்கள். ஃபில்டருக்குப் போகும் என்வலப், எல்எஃப்ஓ இரண்டும் பூஜ்யம். விசிஏ கேட்டில். கோரஸ் வேண்டாம். இனி கீயைத் தட்டினால் ஃபில்டர் தானாகவே விசில் அடிக்கும், புல்லாங்குழல் மாதிரி சுத்தமான ஒரு ஒலி. ஒரே கீயை ஆறு முறை தட்டுங்கள். ஆறு விசிலும் ஒரே சுருதியில், ஒரே அளவில் வர வேண்டும்.

கெட்ட வாய்ஸின் முறை வரும்போது காதை நன்றாகத் தீட்டிக்கொள்ளுங்கள். விசில் ஒழுங்காக வருகிறது, ஆனால் சாடூத்தோ பல்ஸோ போட்டால்தான் மக்கர் என்றால் ஃபில்டர் பாவம், அதன் மேல் பழி வேண்டாம். அலை உருவாகும் இடத்தைப் பாருங்கள். விசிலே வரவில்லை, அல்லது நடுங்குகிறது, கரகரக்கிறது என்றால் 80017ஏ பக்கம்தான். விசில் தெளிவாக வந்து, மற்றதைவிட அரைக்கட்டை ஏறியோ இறங்கியோ நின்றால் சிப் பிழைத்திருக்கிறது. வாய்ஸ் ஒவ்வொன்றுக்கும் போர்டில் தனித்தனியாக உள்ள டிரிம்மர்களை (குட்டித் திருகுகள்) சரிசெய்தால் போதும். கருவி நன்றாகச் சூடாகும் வரை டிரிம்மரைத் தொடாதீர்கள், சூடு ஏறியதும் எல்லாம் மாறிவிடும். கீயைத் தட்டும் நொடியில் மட்டும் "டப்" என்று இடித்தால் ஒலி அளவுப் பகுதிக்கான ஆஃப்செட் டிரிம்மரைப் பாருங்கள்.

80017ஏதான் என்று முடிவானாலும் இன்னும் ஒரு சந்தேகம் மிச்சம். அந்தச் சிப்புக்கு மேலிருந்து வரும் கட்டுப்பாட்டு வோல்ட்டேஜ் சரியாக வருகிறதா? நல்ல வாய்ஸின் சிப்பிலும் கெட்டதிலும் அதே காலில் மல்டிமீட்டரை வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் சிப் மேல் தைரியமாகக் கை வைக்கலாம். கெட்டதில் மட்டும் மாறியிருந்தால் வோல்ட்டேஜை அனுப்பும் ஐசியில் கோளாறு. அது சாதாரண ரகம், எந்தக் கடையிலும் கிடைக்கும்.

சிப்பை எடுத்த பிறகு இரண்டு வழி. ஒன்று, அசிட்டோனில் ஊறவைத்துக் கறுப்புப் பூச்சை உரிப்பது. மூடி இருக்கும் கண்ணாடி ஜாடியில் (பிளாஸ்டிக் டப்பா கரைந்து போகலாம்) சிப் முழுகும் அளவுக்கு அசிட்டோன் ஊற்றி ஓரிரு நாள் விடுங்கள். பூச்சு ஊறித் தளர்ந்ததும் அவசரமில்லாமல் உரிக்க வேண்டும். இழுத்தால் அடியில் ஒட்டியிருக்கும் பொடிப் பாகங்களும் கையோடு வந்துவிடும். முழுக்க உலர்ந்த பிறகுதான் திரும்பப் பொருத்த வேண்டும். அசிட்டோன் குப்பென்று பற்றும் சரக்கு. ஒற்றை அறை வீட்டில் அடுப்புக்கும் சாமி விளக்குக்கும் பக்கத்தில் இந்த வேலை கூடவே கூடாது. மொட்டை மாடிதான் சரி.

இன்னொன்று, புதிதாகத் தயாரிக்கும் மாற்று மாட்யூல்களை வெளிநாட்டிலிருந்து வரவழைப்பது. காசு கூட, சுங்கமும் சேரும். ஒரே ஒரு வாய்ஸ் போயிருந்தால் ஊறவைத்துப் பார்ப்பதில் தப்பில்லை. ஆனால் மேடையில் வாசிக்கிற கருவி என்றால், ஒன்று போன பிறகு மற்ற ஐந்தும் அதே வயதுதான் என்பதை யோசித்து ஆறையும் மாற்றிவிடுவதே நல்லது என்பேன். எந்த வழியில் போனாலும் நேராகச் சால்டர் செய்யாமல் சாக்கெட் வைத்துப் பொருத்துங்கள். பழைய போர்டு, அடிக்கடி சூடு பட்டால் செம்புத் தடம் பெயர்ந்துவிடும். சாக்கெட் இருந்தால் அடுத்த முறை இரண்டு வாய்ஸின் சிப்பை இடம் மாற்றிப் பார்த்தே கோளாறைப் பிடித்துவிடலாம்.

"ரெண்டு நோட்டு விட்டு விட்டுப் போகுது"

எண்ணிப் பார்த்தால் 1-2, அல்லது 3-4, அல்லது 5-6 என்று ஜோடியாக வருகிறதா? அலையை உருவாக்கும் எம்சி5534ஏ சிப் மூன்று உண்டு, ஒவ்வொன்றும் இரண்டு வாய்ஸுக்கு வேலை செய்யும். சாடூத் வருகிறது, சப் மட்டும் வரவில்லை என்பது போன்ற அரைகுறைக் கோளாறும் இதே சிப்பின் வேலை. முன்னே சொன்ன விசில் சோதனையில் இரண்டு வாய்ஸும் ஒழுங்காக விசில் அடித்தால் சந்தேகமே வேண்டாம். 2ம் 3ம் கெட்டிருக்கிறது என்றால் அது ஜோடி இல்லை, தனித்தனியாக இரண்டு 80017ஏ போயிருக்கும்.

மூன்று வாய்ஸ் ஒரே கும்பலாகச் சுருதி தப்பினாலோ ஊமையானாலோ டைமர் ஐசியைப் பாருங்கள். 8253 என்ற அந்த ஐசி இரண்டு இருக்கிறது, தலைக்கு மூன்று வாய்ஸ். இது அபூர்வம்.

"சுருதி நிக்கல"

பழைய அனலாக் என்றாலே சுருதி ஓடும் என்று ஒரு பேச்சு உண்டு. ஜூனோவுக்கு அது பொருந்தாது. அலை அனலாக்தான், ஆனால் அதன் வேகத்தை அளந்து கொடுப்பது டிஜிட்டல் கடிகாரம். அதனால் பிராஃபெட்-5, ஜூப்பிட்டர்-8 போல ஆஸிலேட்டர்களை அடிக்கடி சுருதி சேர்க்கும் வேலை இதில் இல்லை. மொத்தக் கருவியும் விலகி நின்றால் காரணம் வெளியேதான் இருக்கும்: பின்பக்க டியூன் திருகு நகர்ந்திருக்கும், யாரோ கீ டிரான்ஸ்போஸைப் போட்டுவிட்டிருப்பார்கள், அல்லது சுருதியை வளைக்கும் பெண்டர் நடுவில் வந்து நிற்கவில்லை. பெண்டருக்குப் பக்கத்தில் உள்ள டிசிஓ ஸ்லைடரைப் பூஜ்யத்துக்கு இறக்குங்கள். சுருதி திரும்பிவிட்டால் குற்றவாளி பெண்டர். நோட்டிலிருந்து நோட்டுக்கு வழுக்கினால் போர்ட்டமென்டோ போட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

"சில கீயைக் குத்தினாத்தான் பேசுது"

எத்தனை வாய்ஸ் மாறினாலும் அதே கீ மட்டும் மக்கர் செய்கிறதா? இது வாய்ஸ் விவகாரமே இல்லை. கீக்கு அடியில் ரப்பர் பட்டையில் கறுப்புக் கார்பன் பொட்டுகள் இருக்கும், அவை போர்டில் போய் அழுந்த வேண்டும். மும்பை மழைக்காலத்தில் நாலு மாசம் ஈரம், கடற்காற்று, புழுதி எல்லாம் சேர்ந்து அங்கே படலம் கட்டிவிடும். ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த, பஞ்சு பிரியாத துணியால் ரப்பரையும் போர்டையும் மெதுவாகத் துடைத்தால் போதும். உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். பென்சில் கரியைத் தடவும் வித்தையை நிறையப் பேர் சொல்வார்கள். அது ஒரு கச்சேரிக்குத் தாங்கும், அப்புறம் பொடி உதிர்ந்து பக்கத்துக் கீயையும் கெடுக்கும்.

ஒரே இடைவெளியில் பல கீகள் செத்திருந்தால் துடைத்துப் பயனில்லை. கீகளை வரிசை வரிசையாகப் படிக்கும் லைனில் ஒன்று அறுந்திருக்கும், கேபிளையும் டயோடுகளையும் பாருங்கள்.

"ஸ்லைடரைத் தொட்டா ஒலி குதிக்குது"

தூசி. ஸ்லைடருக்குப் பொருந்தும் கான்டாக்ட் கிளீனரைக் கொஞ்சமாக விட்டு, முழு நீளத்துக்கும் பல முறை ஓட்டுங்கள். கதவுத் தாழ்ப்பாளுக்கு அடிக்கிற ஸ்ப்ரேயை இங்கே அடித்தால் அன்றைக்கு வழுவழுவென்று இருக்கும், சில மாசத்தில் பிசினாகிப் புழுதியை இழுத்து வைத்துக்கொள்ளும். யாரும் தொடாமலே ஒலி மாறிக்கொண்டிருந்தால் எந்த ஸ்லைடர் நடுங்குகிறது என்று ஒவ்வொன்றாக அசைத்துப் பாருங்கள்.

"கோரஸ் போட்டா மழை பெய்யுது"

கொஞ்சம் மழை பெய்யத்தான் செய்யும். இந்தக் கோரஸ் எம்என்3009 என்ற சிப் இரண்டை நம்பி இருக்கிறது. ஒலியைத் துண்டு துண்டாக வாளி மாற்றி வாளியாகக் கடத்தித் தாமதப்படுத்தும் ரகம். அதில் இரைச்சல் கூடவே வரும். ஒற்றை ஆஸிலேட்டர் உள்ள கருவி இவ்வளவு அகலமாக, தந்தி வாத்தியக் கூட்டம் போல ஒலிப்பதற்குக் காரணமே இந்தக் கோரஸ்தான். இரைச்சலைக் கொன்று ஒலியையும் கொன்றுவிடாதீர்கள். வாசிக்கும்போது கேட்காமல், சும்மா இருக்கும்போது மட்டும் கேட்டால் அது கோளாறே இல்லை.

இடது, வலது இரண்டில் ஒரு பக்கம் மட்டும் ஒலி அலையாமல் அசையாமல் நின்றாலோ, ஒரு பக்கம் மட்டும் இரைச்சல் அதிகமானாலோதான் கோளாறு. முதலில் இரண்டு கேபிளையும் இடம் மாற்றிப் பாருங்கள். அப்புறம் எம்என்3009, அதை ஓட்டும் எம்என்3101. இந்த மாதிரி உற்பத்தி நின்றுபோன ஐசிகளில் போலி நிறைய நடமாடுகிறது. மேலே உள்ள எழுத்து புத்தம் புதிதாக மின்னினால் யோசித்து வாங்குங்கள்.

கோரஸ் இல்லாமலும் அடித்தொண்டையில் "ம்ம்ம்" என்று கேட்டால் அது மழை இல்லை, 50 ஹெர்ட்ஸ் ஹம். பழைய கட்டடங்களில் எர்த் ஒயர் பேருக்குத்தான் இருக்கும். மிக்ஸர், ஆம்ப், ஜூனோ எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டிலிருந்து எடுத்துப் பாருங்கள். ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மரைக் கருவிக்கு ஒட்டி வைத்திருந்தால் தள்ளி வையுங்கள்.

"சேவ் பண்ணது எல்லாம் போச்சு"

128 பேட்சுகளைக் காப்பது சிஆர்2032 பட்டன் பேட்டரி ஒன்று. அது தீர்ந்தால் அணைத்துப் போடும்போது பேட்சுகள் குப்பையாகும். கருவி ஊமையானது போல் தெரிவதும் இதனால்தான். இன்னும் போகவில்லை என்றால் பேட்டரியைத் தொடும் முன் டேப் சேவ் (பேட்சுகளை ஒலியாக வெளியே அனுப்பும் வசதி) வழியாக எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். காலத்துக்கேற்ப கேசட் வேண்டாம், லேப்டாப்பில் ரெக்கார்ட் செய்து வேவ் ஃபைலாக வைத்தால் போதும். எம்பி3 ஆக்கிச் சுருக்கினால் திரும்ப ஏறாது.

பழைய பேட்டரியைச் சால்டர் செய்து வைத்திருப்பார்கள். அதை எடுத்துவிட்டு ஹோல்டர் ஒன்றைப் பொருத்துங்கள், லேமிங்டன் ரோட்டில் கிடைக்கும். பட்டன் பேட்டரியின் மேலேயே சூடு வைத்து ஒயர் ஒட்டக்கூடாது, வெடிக்கும். புதியதைப் போட்ட பிறகு மெமரி ப்ரொடெக்ட் சுவிட்சை அணைத்து, ரெக்கார்டிங்கை லோட் ஜாக்கில் ஓட்டுங்கள். ஏறவில்லை என்றால் முக்கால்வாசி நேரம் ஒலி அளவு காரணமாக இருக்கும். லேப்டாப் வால்யூமைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டே முயன்று பாருங்கள். நோட்டிஃபிகேஷனை அணைத்துவிடுங்கள், நடுவில் ஒரு "டிங்" வந்தாலும் மறுபடி முதலிலிருந்து ஓட்ட வேண்டும்.